நோட்பேட்++: டைப்பிங் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவானியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் என்று தமிழில் அடிப்பதுதான் பிழைப்பு. கொஞ்ச காலமாக ஜமக்காளக் கடைக்காரர், மஞ்சள் மண்டிக்காரர் என்று பலரும் "எங்க கடைக்கும் நெட்ல ஒரு பக்கம் போட்டுத் தாங்க" என்று வருகிறார்கள். போட்டுக் கொடுத்தால் அடுத்த வாரமே விலையை மாத்தணும் என்று வந்து நிற்பார்கள். அதனால் அவரவர் கணினியிலேயே நோட்பேட்++ என்ற, வெறும் எழுத்தை மட்டும் அடிக்கவும் திருத்தவும் உதவும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, மாற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் போனில் வரும் கேள்விகள்தான் இவை.

ஏனுங்க, வேர்டுலயே அடிச்சுப் பழகிட்டேன். இது எதுக்குங்க?

கடிதமும் பத்திரிகையும் அடிக்க வேர்டே நல்லது. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் வேர்டு ஃபைலுக்குள் நீங்கள் அடித்தது மட்டும் இருப்பதில்லை. எழுத்துரு, ஓரம், நிறம், பக்க அளவு என்று ஒரு மூட்டை விவரம் கூடவே போகிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நோட்பேட்++ திறந்து 'கொங்கு' என்று ஒரே ஒரு சொல் அடியுங்கள். கீழே உள்ள பட்டையில் நீளம் 18 என்று காட்டும். கண்ணுக்குத் தெரிவது கொ, ங், கு என மூன்று எழுத்து. கணினிக்கு அது க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி என ஆறு துண்டு. எழுத்தை எண்ணாக்கிப் பதியும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அளவு). ஆறு மூன்று பதினெட்டு, கணக்கு நேராகிவிட்டது. அதே சொல்லை வேர்டில் அடித்துச் சேவ் செய்தால் ஃபைல் பத்தாயிரம் பைட்டைத் தாண்டிவிடும். வலைப்பக்கத்துக்கு அந்த மூட்டை வேண்டாம். ஃபைலில் என்ன இருக்கிறதோ அது முழுவதும் கண் முன்னால் தெரிய வேண்டும்.

விலை எவ்வளவுங்க? கிராக் பண்ணின சிடி இருக்குதா?

கிராக்கே தேவையில்லை, இது இலவசம். டான் ஹோ என்பவர் 2003 நவம்பரில் வெளியிட்டார், இன்றைக்கும் புதுப்பித்து வருகிறார். யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் வீட்டில், கடையில், கம்பெனியில், எத்தனை கணினியில் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. மனமிருந்தால் நன்கொடை கொடுக்கலாம்.

எங்கே இறக்குவது?

அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடுபொறியில் பெயரை அடித்தால் மேலே விளம்பரமாக வரும் முதல் முடிவைச் சொடுக்கிவிடாதீர்கள். அதே மாதிரிப் பெயரில் வேறு எதையோ தலையில் கட்டிவிடுவார்கள். அசல் ஃபைல் பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். அது இறக்கும்போது பிரவுசருக்கு டூல்பார் போடட்டுமா என்று கேட்டால் தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025-இல் இதன் தானியங்கிப் புதுப்பிப்பு வரும் வழியை மடக்கி, குறிவைத்த சிலருடைய கணினிகளுக்கு மட்டும் போலி ஃபைலை அனுப்பிய சம்பவம் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 8.8.9 பதிப்பிலிருந்து, இறங்கிய ஃபைலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் உள்ளேயிருந்து 'அப்டேட்' கொடுக்காமல், தளத்துக்குப் போய்ப் புதிதாக இறக்கி மேலேயே நிறுவிவிடுங்கள்.

அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி இல்லாதவர்கள் போர்ட்டபிள் என்று இருக்கும் ஜிப்பை எடுங்கள். பென்டிரைவில் விரித்துவிட்டு அங்கிருந்தே ஓட்டலாம்.

விண்டோஸோடு வரும் சாதா நோட்பேடு போதாதா?

பல வேலைக்குப் போதும். விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து அதுவும் யூடிஎஃப்-8-இலேயே சேவ் செய்கிறது. டேக்குக்கு (வலைப்பக்கக் குறிச்சொல்லுக்கு) நிறம், ஒரே நேரத்தில் இருபது ஃபைலில் தேடி மாற்றுவது, நெட்டுக்குத்தாகத் தேர்ந்தெடுப்பது இவையெல்லாம் வேண்டுமென்றால் நோட்பேட்++.

தமிழில் அடித்து வைத்தது மறுநாள் திறந்தால் கேள்விக்குறியாக இருக்கிறது. என்ன செய்ய?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் கடைக்கே ஓடி வருகிறார்கள். முதலில் என்ன தெரிகிறது என்று நன்றாகப் பாருங்கள். இரண்டு வியாதி இருக்கிறது, ஒன்றுக்கு மருந்து உண்டு, இன்னொன்றுக்கு இல்லை.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அதற்கடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுத்து, இப்படியே திரும்பத் திரும்ப வருகிறதா? பயப்படாதீர்கள், எழுத்து பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்-8 ஃபைலை, தமிழுக்கு இடமில்லாத பழைய முறையான ஆன்சி என்று நினைத்துக்கொண்டு காட்டுகிறது, அவ்வளவுதான். மேலே என்கோடிங் மெனுவில் 'யூடிஎஃப்-8' என்பதைச் சொடுக்குங்கள், தமிழ் வந்துவிடும். அதே மெனுவில் கீழே 'கன்வர்ட் டு' என்று தொடங்கும் வரிகளும் இருக்கும், அவற்றை இந்த நேரத்தில் தொடக் கூடாது. மேலே உள்ளவை ஃபைலை எப்படி வாசிப்பது என்று சொல்பவை. கீழே உள்ளவை ஃபைலையே மாற்றி எழுதுபவை. தப்பாகத் தெரியும்போது கன்வர்ட் கொடுத்து சேவ் செய்தால், தப்பாகத் தெரிவதே நிஜமாகிவிடும்.

வரி வரியாகக் கேள்விக்குறி மட்டும் நிற்கிறதா? அப்படியானால் தமிழ் எழுத்து ஃபைலிலேயே இல்லை. ஆன்சியில் சேவ் செய்தபோது அதில் தமிழுக்கு இடமில்லாமல், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை.

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடையாளர் பட்டியல், முந்நூறுக்கு மேல் பெயர், பழைய நோட்பேடில் அடித்து முடித்தேன். சேவ் செய்யும்போது யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறை) எழுத்துகள் போய்விடும் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அவசரத்தில் படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டேன். மறுநாள் நிர்வாகி வந்து திரையைப் பார்த்து, "என்னங்க, எல்லார் பேரையும் எங்கிட்டயே கேக்குது" என்றார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

அதனால் நிறுவியதும் முதல் வேலையாக, செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், நியூ டாக்குமென்ட் என்று போய், என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று உறுதிசெய்து கொள்ளுங்கள்.

யூடிஎஃப்-8, யூடிஎஃப்-8-பிஓஎம் என்று இரண்டு இருக்கிறதே?

பிஓஎம் என்றால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டும் மூன்று பைட் அடையாளம். வலைப்பக்கத்துக்கு வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் அது உதவும்: காற்புள்ளியிட்டுப் பிரித்த சிஎஸ்வி பட்டியலை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது தமிழ் குழம்பி வந்தால், அந்த ஃபைலை பிஓஎம்-ஆக மாற்றிச் சேவ் செய்து திறந்து பாருங்கள். ஈரோட்டில் மண்டிக் கணக்கு பார்க்கும் ஒரு தம்பிக்கு இதைச் சொன்னேன். அதற்குமுன் ஆறு மாதமாக ஒவ்வொரு விவசாயி பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.

பழைய டிடிபி ஃபைலை இதில் திறந்தால் ஆங்கில எழுத்தாகத்தான் வருகிறது.

அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. அங்கே தமிழ் இல்லவே இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டியிருக்கிறார்கள். பாமினியில் 'அம்மா' என்பது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு அந்த வேஷத்தைக் கட்டுகிறது. நோட்பேட்++ முகத்தைக் கழுவிவிட்டு உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. எழுத்துருவை மாற்றினால் திரையில் தமிழ் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது, பிரவுசரில் போட்டால் திரும்பவும் குப்பைதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி எதிலாவது கொடுத்து யூனிகோடாக மாற்றி, இங்கே ஒட்டிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்க வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

யூனிகோடு ஒன்றும் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 2010 ஜூனில் கோவை கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்ததே, கூடவே தமிழ் இணைய மாநாடும் அங்கேதான் நடந்தது. அந்த நேரத்தில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், டேஸ்-16 என்னும் இன்னொரு தமிழ் எழுத்து முறையையும் தரமாக ஏற்று ஆணை போட்டது. அதற்கப்புறமும் எங்கள் தொழிலில் பாமினி போகவில்லை. பிரஸ்ஸுக்குப் போகும் வேலைக்கு இன்னமும் நானே சில நேரம் அதில்தான் அடிக்கிறேன். பழக்கம்.

தமிழ் எழுத்து சின்னதாக, நெருக்கி நெருக்கித் தெரிகிறது.

நிரல் எழுதுபவர்களுக்கான ஆங்கில எழுத்துரு அதில் முதலிலேயே இருக்கும். செட்டிங்ஸில் ஸ்டைல் கான்ஃபிகரேட்டர் திறந்து, குளோபல் ஸ்டைல்ஸ், டிஃபால்ட் ஸ்டைல் என்பதில் நிர்மலா யுஐ அல்லது லதா வைத்து, அளவை 14 ஆக்குங்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினாலும் பெரிதாகும். இது திரைக்கு மட்டும்தான், ஃபைலில் எழுத்துரு எதுவும் பதியாது.

ஒரே பெயர்தான், கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் தேடினால் இல்லை என்கிறது. பேய் பிடித்திருக்கிறதா?

தமிழில் ஒரே எழுத்தை இரண்டு விதமாக அடிக்க முடிவதுதான் காரணம். 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் போடலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் போடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. நோட்பேட்++ பைட்டைப் பார்ப்பதால் இரண்டும் வேறு என்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஃபைல்களில் இது சர்வசாதாரணம். அந்தக் கொம்பு-கால் இணையை நகலெடுத்து, ரிப்ளேஸில் கொடுத்து, ஒகரக் குறியாக மாற்றிவிடலாம். 'ஸ்ரீ' எழுத்துக்கும் இதே போல இரண்டு வழி உண்டு. ஒன்று ஸ-வில் தொடங்கும், இன்னொன்று ஶ-வில்.

இன்னொரு கோளாறு ஔகாரம். சௌந்தரம் என்பதில் வர வேண்டியது ஔகாரக் குறி. நிறையப் பேர் ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு 'செளந்தரம்' என்று அடித்துவிடுகிறார்கள். இதைச் சரிசெய்கிறேன் என்று கொம்பு-ள எல்லாவற்றையும் ஒரே தட்டில் ரிப்ளேஸ் ஆல் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கல்யாண முகவரிப் பட்டியலில் நான் கொடுத்தேன். சௌந்தரம் அக்கா சரியாகிவிட்டார். வெள்ளகோவில், வெள்ளோடு, வெள்ளியங்கிரி எல்லாம் ஔகாரம் வாங்கி, புள்ளி அந்தரத்தில் தொங்கியது. கன்ட்ரோல்+இசட் தட்டித் தப்பித்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், அல்லது செ, கெ, பெ என்று முன்னால் வரும் எழுத்தையும் சேர்த்துத் தேடுங்கள். செ-வில் 'செளகரியம்' மாதிரிச் சொற்கள் மட்டும்தான் பெரும்பாலும் அகப்படும். பெ-வில் 'பெளர்ணமி' அகப்படும்.

சரி, முதல் வலைப்பக்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு ஜமக்காளக் கடையை எடுத்துக்கொள்வோம். டி டிரைவில் 'கடை' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர், அதில் புது ஃபைல். எதையும் அடிப்பதற்கு முன்னால் அதை இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று சேவ் செய்துவிடுங்கள். அப்போதுதான் நோட்பேட்++ இது வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் என்று புரிந்துகொண்டு டேக்குக்கு நிறம் கொடுக்கும். நிறம் அழகுக்கு இல்லை. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் அங்கிருந்து நிறம் கோணலாகப் போகும், தப்பு எங்கே என்று கண் தானாகப் போய் நிற்கும்.

டேக் என்றால் கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் சின்னச் சொல். திறந்ததை, சாய்கோடு சேர்த்து மூட வேண்டும். பிரிஃபரன்சஸில் ஆட்டோ கம்ப்ளீஷன் பகுதியில் எச்டிஎம்எல் மூடும் டேக்குக்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் நீங்கள் திறந்ததும் அதுவே மூடிவிடும்.

முதல் வரி டாக்டைப். அடுத்து எச்டிஎம்எல் டேக், அதில் மொழி தமிழ் என்பதற்கு லாங் என்ற இடத்தில் டிஏ. அப்புறம் ஹெட் பகுதி. அதில் முதல் வரியாக மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 வந்தாக வேண்டும். ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும் என்பது விதி. தமிழுக்கு மூன்று மூன்று பைட்டாகப் போகும் என்பதால் நீளமான தலைப்பையோ குறிப்பையோ அதற்கு மேலே வைக்காதீர்கள். அடுத்த வரி வியூபோர்ட், இல்லாவிட்டால் போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். பிறகு டைட்டில்.

பாடி பகுதியில் கடைப் பெயருக்கு எச்1, இரண்டு வரி அறிமுகத்துக்கு பி, படத்துக்கு ஐஎம்ஜி, அளவும் விலையும் போட ஒரு டேபிள். போன் எண்ணை டெல் இணைப்பாகக் கொடுங்கள், தொட்டால் நேராக அழைப்புப் போகும். நம் ஊர் வியாபாரத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு வரிதான் வேலை செய்கிறது. சேவ் செய்து, வியூ மெனுவில் 'வியூ கரன்ட் ஃபைல் இன்' என்பதில் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ சொடுக்கினால் பக்கம் திறக்கும். நெட்டே தேவையில்லை.

பிரவுசரில் டேக் எல்லாம் அப்படியே எழுத்தாகத் தெரிகிறதுங்க.

ஃபைல் பெயருக்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒளிந்திருக்கும். எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் போட்டால் வெளியே வரும். அதை அழித்துவிடுங்கள்.

என்டர் தட்டித் தட்டி இடம் விட்டேன், எல்லாம் ஒரே பத்தியாக வருகிறது.

எச்டிஎம்எல்லில் எத்தனை என்டரும் எத்தனை ஸ்பேஸும் ஒரே ஒரு இடைவெளிதான். பத்திக்கு பி, வரி உடைக்க பிஆர்.

வாட்ஸ்அப்பில் வந்த நிரலை ஒட்டினேன், இணைப்பு வேலை செய்யவில்லை.

மேற்கோள் குறியைப் பாருங்கள். வேர்டும் சில செயலிகளும் நேரான மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். கணினிக்கு வளைந்தது மேற்கோளே இல்லை. கன்ட்ரோல்+எச் தட்டி, வளைந்த இரண்டையும் நேரானதாக மாற்றுங்கள். ஃபைலில் சாதாரணத் தமிழ்ப் பத்தியும் இருந்தால் அதில் உள்ளதும் மாறும், பாதகமில்லை.

நானூறு வரி விலைப்பட்டியல் எக்செலில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் டேக் போட்டால் கை போய்விடுமே?

ஒரு டேக்கும் கையால் போட வேண்டாம். எக்செலிலிருந்து நகலெடுத்து நோட்பேட்++-இல் ஒட்டினால் 'விரலி மஞ்சள்', 'கிழங்கு மஞ்சள்' என்று பெயர், அளவு, விலை நடுவில் டேப் இடைவெளியோடு விழும். கன்ட்ரோல்+எச். கீழே எக்ஸ்டெண்டட் என்பதைத் தேர்ந்து, தேடும் இடத்தில் பின்சாய்கோடும் சின்ன டி எழுத்தும் கொடுங்கள், அது டேப்பைக் குறிக்கும். மாற்றும் இடத்தில் டேபிளின் ஒரு கட்டத்தைக் குறிக்கும் டிடி-யை மூடி மறுபடி டிடி-யைத் திறக்கும் டேக் இரண்டையும் ஒட்டி எழுதி, ரிப்ளேஸ் ஆல். அடுத்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேர்ந்து, தேடும் இடத்தில் ^(.+)$ என்று போடுங்கள். ^ வரித் தொடக்கம், $ வரி முடிவு, நடுவில் உள்ளது அந்த வரி முழுவதும். மாற்றும் இடத்தில் டிஆர் (டேபிளின் ஒரு வரிசை), டிடி திறப்பு, பிறகு $1, பிறகு இரண்டின் மூடல். பக்கத்தில் புள்ளி புது வரியையும் சேர்க்கட்டுமா என்று கேட்கும் பெட்டியில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் நானூறு வரியும் ஒரே வரிசையாகிவிடும்.

முதல் தடவை செய்து காட்டியபோது மண்டிக்காரர் நாற்காலியைத் தள்ளிப்போட்டு எழுந்து நின்றுவிட்டார். அவர் பையன் இரண்டு நாளாக உட்கார்ந்து நூற்றுப்பத்து வரி முடித்திருந்தான்.

விலை வரிசையின் முன்னால் மட்டும் ரூபாய்க் குறி சேர்க்க வேண்டுமா? ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மவுஸை நெட்டுக்குத்தாக இழுங்கள். நானூறு வரியிலும் கோடு நிற்கும், ஒருமுறை அடித்தால் எல்லா வரியிலும் விழும். தமிழ்ச் சொற்களுக்குப் பின்னால் வரும் நெடுவரிசை ஒரே நேர்க்கோட்டில் நிற்காது என்பதால், எண்களை முதல் நெடுவரிசையாக வைத்துக்கொண்டு இதைச் செய்வது நல்லது.

அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. எல்லாம் போச்சா?

நோட்பேட்++-ஐத் திறந்து பாருங்கள், அநேகமாக இருக்கும். ஏழு வினாடிக்கு ஒருமுறை தனியாக ஒரு நகல் எடுத்து வைப்பது அதன் இயல்பான அமைப்பு. ஆனால் இதை நம்பி, பெயர் வைக்காத 'நியூ 1', 'நியூ 2' என்று முப்பது தாளை அப்படியே தொங்கவிட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கைதவறித் தாளை மூடும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த நகலும் போகும். பெயர் வைத்து சேவ் செய்யுங்கள்.

மெனு தமிழில் வருமா?

வரும். பிரிஃபரன்சஸில் லோக்கலைசேஷனில் தமிழ் இருக்கிறது. நான் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறேன், போனில் வழி சொல்ல அதுதான் தோது.

பையன் மேக் வாங்கியிருக்கிறான், இதே கிடைக்குமா?

நோட்பேட்++ விண்டோஸுக்கு மட்டும். மேக்கில் பிபிஎடிட்டின் இலவச வகை போதும். கூடவே வரும் டெக்ஸ்ட்எடிட்டில் 'மேக் பிளெயின் டெக்ஸ்ட்' கொடுத்த பிறகு அடிக்க வேண்டும். லினக்ஸில் கேட், ஜீனி.

என் கணினியில் படம் வருகிறது, சர்வரில் ஏற்றினால் வரவில்லை.

இரண்டு இடத்தில் பாருங்கள். படத்தின் முகவரி டி டிரைவ் என்று தொடங்குகிறதா? உங்கள் டி டிரைவ் சர்வருக்குத் தெரியாது, படத்தின் பெயர் மட்டும் போதும். அடுத்தது, பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ், அவை எடுத்துக்கொள்ளாது. கேமராவிலிருந்து வரும் படத்தில் ஜேபிஜி பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், நாம் அடிப்பது சின்ன எழுத்தில். படத்துக்கு எஃப்2 தட்டி, இடைவெளி இல்லாத சின்ன எழுத்துப் பெயராக வைத்துவிட்டு ஏற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் பென்டிரைவோடு கடைக்கு வாங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது.